கற்றாழை தடுக்காத வெயில்

என் அக்காவுக்குப் பிறவியிலேயே தோலில் நிறம் கிடையாது. முடி, புருவம், இமை எல்லாமே வெளுப்பு. ஊரில் 'வெள்ளைக்காரி' என்று கூப்பிடுவார்கள். அவளும் திரும்பி, "என்ன?" என்று கேட்டுப் பழகிவிட்டாள். பந்தல்குடிப் பக்கம் கரிசல் காடு வைத்திருந்தவருக்கு அவளைக் கட்டிக்கொடுத்தபோது, "பிள்ளைய வெயிலுக்கு மட்டும் அனுப்பிராதீக" என்று அப்பா கேட்டுக்கொண்டார். மச்சான் அனுப்பவில்லை; அவளாகத்தான் போனாள். மல்லாங்கிணற்றில் எங்கள் கடைக்குள்ளேயே வளர்ந்தவளுக்குத் திறந்த காடு பிடித்துப்போயிற்று. மிளகாய்ச் செடிகளுக்கு நடுவே நிற்கும்போது அவளுக்கு ஒரு தனி மிடுக்கு வரும்.

முதல் கோடையில் கையும் கழுத்தும் கொப்புளித்துவிட்டன. அப்போதுதான் போனில் ஒரு பெண் பேசிய வீடியோவைப் பார்த்தாள். கற்றாழைச் சோறு, வெள்ளரிச் சாறு, கேரட்டைத் துருவிக் காய்ச்சிய தேங்காய் எண்ணெய். இவற்றை அடித்துப் பூசினால் வெயில் தோலைத் தொடாது, கடையில் விற்கும் கிரீமே வேண்டாம் என்றாள் அந்தப் பெண். அக்கா மிக்சியில் அடித்துப் பூசினாள். அன்று சாயங்காலமே எரிச்சல் அடங்கியது. அதன்பிறகு காட்டுக்குப் புறப்படும் முன்னும் பூசிக்கொண்டாள். முன்பெல்லாம் உச்சி வெயிலுக்கு முன்பே வீடு திரும்பியவள், செடி முழுக்கப் பழம் பறித்து முடியும்வரை நின்றாள். நானும் அருப்புக்கோட்டை சந்தையில் நல்ல கேரட்டாகப் பார்த்து வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

பக்கத்து வீட்டுப் பெண்பிள்ளைகள் கிண்ணத்தோடு வந்து நிற்பார்கள். "இதப் பூசுனா கலரு வருமாக்கா?"

"கலரு வேணும்னா என்னோடத எடுத்துக்கிட்டு உங்களோடதக் குடுங்கடி" என்று சிரிப்பாள்.

சில வருஷம் கழித்துக் காதின் மேல்விளிம்பில் ஒரு பொருக்கு வந்தது. உதிரும், மறுபடி கட்டும். அதற்கும் அதையே பூசினாள். பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தபோது தலையணையில் ரத்தம் பட்டிருப்பதை என் மனைவி பார்த்துவிட்டாள்.

"மதினி, இது ஆறுற புண்ணாத் தெரியல. நாளைக்கே டவுனுக்குப் போயி காட்டிருவோம்."

"வலியே இல்லம்மா. வத்தல் எடுத்து முடியட்டும், வாரேன்."

களத்து வேலை முடியச் சித்திரை ஆகிவிட்டது. அருப்புக்கோட்டையில் பார்த்த டாக்டர் உடனே மதுரைக்கு அனுப்பினார். அங்கே சதையைக் கிள்ளிச் சோதித்துவிட்டுத் தோல் புற்று என்றார்கள். காதின் பெரும்பகுதியை எடுக்க வேண்டியிருந்தது. கழுத்தில் நெறிகட்டியிருந்ததையும் சேர்த்து எடுத்தார்கள்.

அறுவை செய்த பெண் டாக்டர் திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து சொன்னார். "கற்றாழை எரிச்சலத் தணிக்கும்மா. வெயிலத் தடுக்காது. எரியலைன்னதும் ஒண்ணும் ஆகலைன்னு நெனச்சுட்டீங்க. உங்க தோலுக்கு நிழலும், முழுக்கைச் சட்டையும், நாங்க எழுதித் தர்ற கிரீமும் வேணும்."

அவர் போனபிறகு, கட்டுப்போட்ட பக்கம் கேட்காது என்று நினைத்தோ என்னவோ, அக்கா என்னை மறுபக்கம் வரச்சொன்னாள்.

"எரிச்சல் தெரிஞ்சிருந்தா நானே வீட்டுக்குள்ள ஏறியிருப்பேனே தம்பி" என்றாள்.

பொங்கலன்றே கையைப் பிடித்து பஸ்ஸில் ஏற்றியிருக்கலாம் என்று என் மனைவி இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

கரண்ட் வைத்தியம் என்று ஊரில் சொல்லும் கதிர்வீச்சுச் சிகிச்சையும் முடிந்தது. இப்போது மதுரைக்குப் போய்க் காட்டிவிட்டு வருகிறாள். இதுவரை நன்றாகவே இருக்கிறாள். பகலில் வெளியே வருவதில்லை. கேட்டு வரும் பிள்ளைகளுக்குக் கற்றாழை மடலை ஒடித்துக் கொடுத்து, "எரிச்சலுக்கு மட்டுந்தான். வெயிலுக்குக் குடையப் பிடிங்க" என்று சொல்லி அனுப்புகிறாள்.

போன வாரம் போயிருந்தேன். கதவைச் சாத்தி வைத்து உள்ளே உட்கார்ந்திருந்தாள். மச்சான் தனியாகக் காட்டுக்குப் போயிருந்தார்.

"காட்டு வழியாத்தான வந்த? செடி எப்படி நிக்குது?"

"பூத்திருக்குக்கா."

"ஓடைப் பக்கமா, மேட்டுப் பக்கமா?"

நான் சரியாகப் பார்க்கவில்லை. தெரியவில்லை என்றேன். "சரி, அவுக வரட்டும், கேட்டுக்கிறேன்" என்று எழுந்து காப்பி போடப் போனாள்.