கண்ணாடி அலமாரியின் விரிப்புகள்

எங்கள் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தின் மேற்பார்வையாளருக்கு நாங்கள் வைத்த பெயர் மடிப்பு சார். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்றும் இருந்திருக்கும். அதை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. நான் அவருக்குக் கீழே, ஈர விரிப்புகளைச் சூடான உருளைக்குள் விட்டு இஸ்திரி போடும் வேலையில் இருந்தேன். வெளியே வரும் விரிப்பை முனைக்கு முனை ஒட்டி மடிக்க வேண்டும். ஒரு நூல் பிசகினாலும் மனிதர் உதறிப் போட்டுவிட்டு, "மறுபடி மடி" என்பார். தனக்குப் பிள்ளை பிறந்த அன்றைக்குக்கூட, துண்டு சுற்றிய விதம் சரியில்லை என்று குழந்தையைப் பிரித்துச் சுற்றினாராம். நான் நம்புகிறேன்.

அவருடைய உயிர் ஒரு கண்ணாடி அலமாரிக்குள் இருந்தது. புதிதாக வரும் விரிப்புகளில் நல்லதாகப் பார்த்துப் பொறுக்கி, வெளுப்பானில் இன்னும் இரண்டு முழுக்கு போட்டு, விறைப்பாக மடித்து, அதற்குள் அடுக்கிப் பூட்டிவிடுவார். வருஷா வருஷம் சுகாதாரப் பரிசுக்காக ஆய்வுக் குழு வரும். அலமாரி முன்னால் நின்று "அடடா" என்னும். தொட்டுப் பார்க்காமல் போய்விடும். வார்டில் பாதிப் பேர் வெறும் ரெக்ஸின் மெத்தையில் கிடப்பார்கள். கேட்டால், கையிருப்பு இல்லை என்பார். பாவம், கையிருப்புக்குக் கண்ணாடிக்குப் பின்னால் வேலை இருந்தது.

இந்த வருஷம் பரிசு நமக்குத்தான் என்று அவர் துள்ளிக்கொண்டிருந்தபோது, ஆய்வுக்கு முந்தின நாள் அவருடைய மனைவியே, எங்களுக்கெல்லாம் அக்கா, சிறுநீரகக் கல்லோடு வார்டில் வந்து சேர்ந்தார். கல்லுக்கு நேரங்காலம் தெரியவில்லை. மத்தியானம் போன் வந்தது. சார் இரண்டு கையாலும் மடித்துக்கொண்டிருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார். நாங்கள் எல்லோரும் கேட்டோம்.

"என்னங்க, மெத்தையில விரிக்க ஒண்ணுமில்ல. முதுகெல்லாம் ஒட்டிக்கிட்டு எரியுது. ஒரு விரிப்பு அனுப்புங்க."

"நாளைக்கு ஆய்வு முடியட்டும்மா. அடுக்கைக் கலைச்சா மறுபடி அப்படி வராது. கொஞ்சம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு."

"வந்ததுலேர்ந்து அதைத்தான் கடிச்சுக்கிட்டு இருக்கேன்" என்று அக்கா போனை வைத்துவிட்டார்.

சாருக்கும் மனசு கேட்கவில்லை போலும். ஆனால் சாவி பையைவிட்டு வெளியே வரவில்லை. வீட்டுக்கு ஓடிப்போய்ப் பூப்போட்ட விரிப்பு ஒன்று கொண்டுவந்தார். வார்டு நர்ஸ் சுவரைக் காட்டினார். வெளித்துணி வார்டுக்குள் வரக் கூடாது என்று அங்கே ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. ஒட்டிய மகராசன் இவரேதான். பூப்போட்ட விரிப்பை முனைக்கு முனை சரியாக மடித்து, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரும்பி வந்தார்.

மறுநாள் காலையில், குழு வார்டுக்குள்ளும் எட்டிப் பார்க்கப்போகிறது என்று சேதி வந்தது. உடனே சாவி வெளியே வந்தது. மனைவி வலியில் கேட்டபோது திறக்காத பூட்டு! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு பின்னால் போனது நான்தான்.

வெளுப்பான் தின்று, வருஷக்கணக்கில் மடித்தே கிடந்து, அந்தத் துணி சருகாகியிருந்தது. அக்காவின் மெத்தைக்கு அடியில் செருகும்போதே நடு மடிப்பில் வாய் பிளந்தது. சார் சுற்றுமுற்றும் பார்த்தார். மனைவியை அந்தக் கிழிசலின் மேலேயே படுக்க வைத்தார்.

"அவங்க போற வரைக்கும் அசையாதே."

குழு வந்தது. தலைவி கட்டில் அருகே நின்று, "விரிப்பெல்லாம் நல்லா இருக்காம்மா?" என்று கேட்டார்.

"ரொம்ப நல்ல விரிப்புங்க. அசையக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு. அசையாம இருக்கேன்."

சொல்லி வாய் மூடவில்லை, வலி சுருட்டிப் பிடித்தது. அக்கா புரண்டுவிட்டார். விரிப்பு டர்ரென்று நடுவில் கிழிந்தது. ரெக்ஸின் வழுக்கி, உடம்பு கட்டிலின் விளிம்புக்குச் சரிந்தது. மடிப்பு சார் பதறிப் பாய்ந்தார். பாய்ந்து, இரண்டு கையாலும் விரிப்பின் கிழிந்த முனைகளைச் சேர்த்துப் பிடித்தார். அக்காவைத் தாங்கியது நர்ஸ்.

அக்கா நர்ஸின் தோளைப் பிடித்தபடி கணவருடைய கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் அப்போதுதான் குனிந்து தன் கைகளைப் பார்த்தார்.