காயாத கைத்தடம்

இதை நம்பச் சொல்லி யார் காலிலும் நான் விழப்போவதில்லை. பேயைப் பார்த்ததாகச் சொல்பவர்களை இருபது வருடம் பத்திரிகையில் கிண்டலடித்தே சோறு தின்றவன் நான். அதே வாயால் இதைச் சொல்ல நேர்ந்ததுதான் கேவலம். ஆனால் நடந்தது. இருட்டில் அல்ல, பட்டப்பகலில், மதியம் ஒன்றுக்கும் இரண்டரைக்கும் நடுவில்.

நகைச்சுவைக் கட்டுரையில் வயிறு நிறையாததால், அந்தக் கோடையில் வானிலைப் பதிவாளராகத் தற்காலிக வேலைக்குச் சேர்ந்திருந்தேன். கடலைப் பார்த்த குன்றின் உச்சியில் ஓர் அறை. சுற்றிக் கம்பிவேலி. பூட்டிய கதவு, சாவி என் பையில். முற்றத்து ஓரம் சைரன் கம்பம், கைப்பிடியை இழுத்தால் அலறும். முற்றத்தில் ஒரு வெள்ளை மரப்பெட்டி, அதற்குள் இரண்டு வெப்பமானிகள். ஒன்று சும்மா இருக்கும். மற்றதன் குமிழில் ஒரு துணித்திரி சுற்றியிருக்கும். திரியின் நுனி சின்னக் கிண்ணத்துத் தண்ணீரில் தோய்ந்திருக்கும். காற்று வறள வறள, ஈரத்திரி குளிர்ந்து அந்த அளவு இறங்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துத்தான் காட்டுத்தீ அபாயத்தைக் கணிப்பார்கள். மணிக்கொரு முறை அளவைப் படித்துக் கட்டுப்பாட்டு அறைக்குப் போன் செய்ய வேண்டும். அவ்வளவுதான் வேலை.

அங்கிருந்த தலைமை அலுவலருக்கு நாங்கள் வைத்த பெயர் ‘மாண்புமிகு’. வீட்டில் காப்பி கேட்பதைக்கூட அறிக்கையாகத்தான் வெளியிடுவார் என்று கேள்வி.

அன்று கடற்காற்று வரவில்லை. வழக்கமாகப் பதினோரு மணிக்கு வந்துவிடும். பதிலாக, மலைப்பக்கமிருந்து ஒரு காற்று இறங்கியது. முகத்தில் அனலை வாரி இறைத்தது. என் உதடு வெடித்து ரத்தம் கசிந்தது.

ஒரு மணி. இரண்டு வெப்பமானியிலும் முப்பத்தொன்பது. போனில் சொன்னேன்.

“வித்தியாசம் பூஜ்யம். ஆகவே ஈரப்பதம் நூறு சதவீதம்,” என்றார் மாண்புமிகு, ஏசி அறையிலிருந்து. “அபாயம் ஏதுமில்லை. பொதுமக்கள் பீதியடையத் தேவையில்லை.”

நூறு என்றால் மூடுபனி இறங்கியிருக்க வேண்டும். எனக்கோ விழுங்க எச்சில் இல்லை. ஆனாலும் கருவி சொல்கிறது, அட்டவணை சொல்கிறது, அதிகாரி சொல்கிறார். என் தொண்டை என்ன பெரிய தொண்டை?

குன்றின் சரிவில் நாற்பது வீடுகள். சுற்றிலும் காய்ந்த புதர். அதில் ஒன்று என் அக்கா வீடு. அத்தானுக்குக் காலில் மாவுக்கட்டு. மூட்டை கட்டி வைத்துக்கொண்டு எங்கள் சைரனுக்காகக் காத்திருந்தார்கள். அக்காவைக் கூப்பிட்டேன்.

“அக்கா, கிளம்ப வேண்டாமாம். ஈரப்பதம் நூறு.”

“நூறா? துணியைப் பிழிஞ்சு உதறுறதுக்குள்ள காஞ்சு போகுதுடா. உங்க ஆபீஸ்ல மட்டும் மழை பெய்யுதா?”

“மெஷின் சொல்லுதுக்கா.”

“சரி. மெஷின் சொன்னா உங்க அத்தானைத் தூக்கி மறுபடி கட்டில்ல போடுறேன். அது வந்து ஒரு கை பிடிக்குமான்னு கேளு.”

அவள் சொன்னது உறுத்திக்கொண்டே இருந்தது. 1.52 மணிக்கு உறைத்தது. கிண்ணத்துக்குத் தண்ணீர் ஊற்றினேனா? இல்லை. காலையிலிருந்தே இல்லை. திரி காய்ந்துபோனால் இரண்டும் ஒரே அளவைத்தான் காட்டும். அந்த நூறு சதவீதம் காற்றின் ஈரப்பதம் அல்ல, என் சோம்பேறித்தனம்.

தண்ணீர் பாட்டிலோடு ஓடினேன். பெட்டியைத் திறந்தேன்.

கிண்ணம் விளிம்புவரை நிறைந்திருந்தது. திரி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. பெட்டிக் கதவில் ஈரமாக ஒரு கைத்தடம். சின்னக் கை.

வேலிக் கதவைப் பார்த்தேன். பூட்டியபடியே இருந்தது.

இரண்டு மணி. நாற்பது, பத்தொன்பது. அட்டவணையில் ஈரப்பதம் பதினொன்று. போன் செய்தேன்.

“ஒரு மணி நேரத்தில் நூறு பதினொன்றாகக் குறைய வாய்ப்பில்லை. தொலைக்காட்சியில் அறிவித்தாகிவிட்டது. சரிபார்த்து மூன்று மணிக்குத் தெரிவிக்கவும்.”

“முதல்ல சொன்னதுதான் சார் தப்பு. திரி காஞ்சிருந்துச்சு. சைரன் போட்டுடலாம் சார்.”

“யோவ், என் உத்தரவில்லாம சைரன்ல கை வச்ச... வேலை போயிடும்!” மாண்புமிகுவின் வாயில் முதன்முறையாகப் பேச்சுத் தமிழ்.

2.09. மறுபடி பெட்டியிடம் போனேன். நான் சிந்திய பாட்டில் தண்ணீர் அதற்குள் வெறும் புழுதி. நனைத்துக் கழுத்தில் போட்ட கைக்குட்டை விறைத்துவிட்டது.

கைத்தடம் மட்டும்... அப்படியே ஈரமாக இருந்தது. வழியவில்லை. காயவில்லை.

2.13. பின்னால் ஒரு சத்தம்.

சொட்... சொட்...

திரும்பினேன். யாருமில்லை.

கொதிக்கும் சிமெண்டுத் தரையில் ஈரக் காலடிகள். ஒரு நிமிடம் முன்பு அவை அங்கே இல்லை. பெட்டியிலிருந்து சைரன் கம்பம்வரை. போனதற்கு மட்டும் தடம்.

திரும்பி வரவில்லை.

அப்போதுதான் புகை நாற்றம். மலைமுகட்டுக்குப் பின்னால் பழுப்பாக ஒரு கோடு.

அக்கா...

2.15. ஓடிப்போய்க் கைப்பிடியைப் பிடித்தேன். ஜில்லென்றிருந்தது.

நான்தான் இழுத்தேனா? தெரியாது. நான் தொட்டபோதே... அது பாதி இறங்கியிருந்தது.

சைரன் அலறியது.

தீ சரிவுக்கு வந்தபோது மணி 2.51. முப்பத்தொரு வீடுகள் சாம்பல். ஆள் ஒருவருக்கும் சேதமில்லை. அத்தானைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு ஓடினார்களாம். “கட்டில் வாங்கினப்பவே லேசானதா வாங்குங்கன்னு சொன்னேன்,” என்று அக்கா அழுதுகொண்டே அவரைத் திட்டினாள். தமது உரிய நேரத்து உத்தரவே உயிர்களைக் காத்தது என்று மாண்புமிகு பேட்டி கொடுத்தார். நான் மறுக்கவில்லை. உண்மையைச் சொன்னால் என்னைப் பற்றி யார் கட்டுரை எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியும்.

அடுத்த வாரம் கருவி மெக்கானிக் வந்தார். முப்பது வருடமாக இங்கே வந்து போகிறவர். பெட்டியைத் திறந்தார். திரி வெள்ளை பூத்து விறைத்திருந்தது. கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினார்.

“யாரு சார் இதுல கடல் தண்ணி ஊத்துனது?”

கடற்கரைக்கு இறங்கவே நாற்பது நிமிடம் ஆகும்.

அவர் புதுத்திரி சுற்றியபடியே சொன்னார்: “முன்னாடி இருந்த பதிவாளர் இந்தக் கிண்ணத்தைத் தொடவே மாட்டாரு. தினமும் தண்ணி ஊத்துறது அவரு வீட்டம்மாதான். ஒரே ஒரு நாள் ஊத்தல. சரிவுல இருந்த தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தாங்க. அன்னைக்கும் இப்படித்தான்... மலைக்காத்து. ரெண்டு மானியும் ஒரே அளவு. சைரன் அடிக்கல.”

“அப்புறம்?”

“நெருப்பு வந்ததும் எல்லாரும் ஓடிப்போய்க் கடல்ல இறங்கிட்டாங்க. ராத்திரி பூரா கழுத்தளவு தண்ணியில நின்னாங்களாம். விடிஞ்சதும் ஒவ்வொருத்தரா கரையேறுனாங்க சார்...”

திரியின் நுனியைக் கிண்ணத்தில் விட்டார்.

“அந்தம்மா மட்டும் இன்னும் ஏறல.”