ஊசி இல்லாத மெஷின்

எண்பதுகளின் கடைசியில், மகளுக்கு நாலு மாதம் முடிந்ததும் ராஜபாளையத்து அம்மா வீட்டிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு, எங்கள் வாடகை வீட்டுக்கு வந்தேன். இனி நாங்களே ராஜா, நாங்களே மந்திரி என்று தலைகால் புரியாத சந்தோஷம். அது முதல் நாள் மத்தியானம் வரைதான்.

வயிறு நிறையப் பால் குடித்த பிறகும் பிள்ளை அழுதாள். வயிற்றில் விளக்கெண்ணெய் தடவினோம். எறும்போ என்று துணியை உதறினோம். டாக்டர் ஒன்றுமில்லை என்றார். தினமும் தூங்கும் நேரம் வந்தால் கச்சேரி ஆரம்பம். என் கணவருக்கு அவளைத் தூக்கவே பயம்.

புதன்கிழமை அம்மா வந்து பார்த்தாள்.

"ரெண்டு பேரும் இப்படி முழிச்சா பிள்ள என்னத்துக்கு ஆகும்? சனிக்கிழமை வாரேன். அப்பவும் அழுதுச்சுன்னா உன்னையும் பிள்ளையையும் கூட்டிட்டுப் போயிருவேன். இன்னும் மூணு மாசம் அங்கன இருங்க."

எனக்கு ஆத்திரமான ஆத்திரம். மறுநாள் பிள்ளையைக் கணவர் கையில் கொடுத்துவிட்டு, கல்யாணச் சீராக வந்த தையல் மெஷினில் உட்கார்ந்தேன். அம்மா தந்த மெல்லிய பேண்டேஜ் துணியில் பிள்ளைக்குச் சட்டை தைக்க நினைத்தேன். கோபத்தில் வேகமாக மிதித்தேன்.

அழுகை நின்றது. திரும்பிப் பார்த்தால் பிள்ளைக்குக் கண் சொருகுகிறது. நூல் அறுந்ததும் நிறுத்தினேன். வீறிட்டாள்.

"மறுபடி மிதி" என்றார் கணவர்.

மிதித்தேன். தூங்கினாள்.

அப்போதுதான் உறைத்தது. அம்மா வீட்டை ஒட்டி, பேண்டேஜ் நெய்யும் விசைத்தறிகள் நாள் முழுக்கத் தடதடவென்று ஓடும். அதைக் கேட்டே வளர்ந்த எனக்கு அது ஒரு சத்தமாகவே தெரியாது. பிள்ளை அதில்தான் நாலு மாதமும் தூங்கியிருக்கிறாள். எங்கள் சந்தின் அமைதிதான் அவளைப் பயமுறுத்தியிருக்கிறது. கண்டுபிடித்துவிட்டோம் என்று நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு குதித்தோம்.

தைக்க வேண்டாம், சத்தம் மட்டும் போதும் என்று ஊசியைக் கழற்றி வைத்தேன். கணவர் மிதித்தபோது முதலில் சக்கரம் பின்னால் சுற்றியது. வெள்ளிக்கிழமைக்குள் பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டே மிதித்தார். பழைய பயம் போன இடம் தெரியவில்லை.

சனிக்கிழமை, பிள்ளையின் துணிமணியை அள்ளிப் போக அம்மா பெரிய காலிப் பையோடு வந்தாள். சொல்லிவைத்தாற்போல் பிள்ளை ஆரம்பித்தாள்.

"கெளம்புட்டி" என்றாள் அம்மா.

கணவர் பிள்ளையை அம்மா மடியில் போட்டுவிட்டு மெஷினில் உட்கார்ந்தார்.

"இப்ப எதுக்கு மாப்ள தையலு..." என்று தொடங்கிய அம்மா மடியைக் குனிந்து பார்த்தாள். அழுகை அடங்கிக்கொண்டிருந்தது. செத்த நேரம் காது கொடுத்துக் கேட்டாள்.

"நம்ம தறிச் சத்தம்லா இது" என்றாள்.

தூங்கிய பிள்ளையைத் தொட்டிலில் விட்டாள். காலிப் பையை நாலாக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். மாமியாரை வழியனுப்பக் கணவர் எழப் போனார்.

"எந்திரிக்காதீங்க மாப்ள, மிதிங்க. நான் வாரேன்."