கால்வாய்த் தண்ணீரில் இரண்டு மிடறு

1987 மார்ச் 14, சனிக்கிழமை, பிற்பகல் மூன்று நாற்பது. இருபத்தாறு நாளாக மழையில்லை. கடற்காற்றும் வெக்கையாக இருந்தது. மழையில்லாதது இருபத்தைந்து நாளாகவும் இருக்கலாம். அந்த ஒரு நாள் வித்தியாசம் இன்னமும் என்னை உறுத்துகிறது.

அம்மாவின் தங்கையான சின்னம்மா எங்களோடு வெள்ளவத்தையில் இருந்தார். ஆறுகளிலும் குளங்களிலும் வாழும் உயிர்களை ஆராய்வது அவருடைய உத்தியோகம். கடல்நீர் கால்வாய்க்குள் எவ்வளவு தூரம் ஏறுகிறது என்று பார்க்க, மாதம் ஒருமுறை மூன்று இடங்களில் போத்தலைக் கயிற்றில் கட்டி இறக்கித் தண்ணீர் எடுப்பார். மேற்புறச் சதுப்பு நிலத்தை மண்போட்டு நிரப்ப ஒரு திட்டம் இருந்தது. கடல் ஏறும் இடத்தை அடைத்தால் தண்ணீர் வீடுகளுக்குள் போகும் என்பது அவர் பயம். கடல் அவ்வளவு தூரம் வராது என்றார்கள் திட்டக்காரர்கள். வறட்சி மாதத்துத் தண்ணீர்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். தவறினால் இன்னொரு வருடம் காத்திருக்க வேண்டும். அதற்குள் நிலம் நிரம்பிவிடும்.

வயர் தொங்கும் உப்பு மீட்டரோடு ஒரு தமிழ்ப் பெண் பாலத்தில் நின்றால் குண்டென்று பிடிக்கும் காலம் அது. அதனால் மீட்டர் அவர் வேலைசெய்யும் கந்தோரிலேயே கிடந்தது. பையன் கூடப் போனால் கேள்வி குறையும் என்று அம்மா என்னை அனுப்புவார்.

திரும்பும் வழியில் சோதனைச்சாவடி. சிப்பாய் பைக்குள் கைவிட்டு, மேற்புறத்தில் எடுத்த போத்தலை உயர்த்தினார். என் பள்ளிக்கூடத் தண்ணீர்ப் போத்தலை அங்கே தினமும் பார்ப்பார்கள். அதற்காக அம்மா பாடமாக்கித் தந்த சிங்களம், சின்னம்மா வாய் திறக்குமுன் என்னிடமிருந்து வந்துவிட்டது.

"பொன வதுர, மாத்தயா." குடிதண்ணீர், ஐயா.

அப்படியானால் குடித்துக் காட்டு என்றார் அவர். அதுதான் அங்கே வழக்கம்.

உண்மையைச் சொன்னால் விசாரணை கயிறு, பாலம், பொலிஸ் நிலையம் என்று போகும். தண்ணீரைச் சாக்கடைக் கானுக்குள் ஊற்றிவிடுவார்கள். சின்னம்மா என்னை ஒருமுறை பார்த்துவிட்டு ஒரு மிடறு குடித்தார். சிப்பாய் போகலாம் என்று கைகாட்டினார். சின்னம்மா நின்று, யோசித்து, இன்னொரு மிடறு குடித்தார். அக்காவுக்கு நல்ல தாகம் போல என்று சிப்பாய் சிரித்தார்.

"ஏன் சின்னம்மா ரெண்டாந்தரமும் குடிச்சனீங்கள்?"

"முதல் மிடறு அவருக்கு. ரெண்டாவது எனக்கு. வீட்டில மூச்சு விட்டியெண்டால் இருக்கு உனக்கு."

நான்கு நாள் வயிற்றோட்டம். கடைச்சாப்பாடுதான் காரணம் என்று அம்மா திட்டினார். சின்னம்மாவோ படுக்கையில் சந்தோஷமாகவே கிடந்தார்.

மீதித் தண்ணீரைக் கந்தோர் மீட்டரும் உப்பென்றே சொன்னது. சதுப்பு நிலம் தப்பியது. ஆற்று மீன்களோடு தொடங்கியவர், கரையோரப் பாதுகாப்புக் கொள்கை எழுதும் குழுவில் ஓய்வுபெற்றார். அந்த இரண்டாவது மிடறில் அவர் உப்பைத்தான் தேடினார் என்பது எனக்கு மிகவும் பிந்தியே விளங்கியது.

அன்று நான் தாகம் என்றே நம்பினேன். அதனால் அந்த வருடம் மிச்சமிருந்த ஒன்பது பயணங்களிலும், கால்வாய்க்குப் போகுமுன் என் உண்டியல் காசில் அவருக்குச் செவ்விளநீர் வாங்கிக் கொடுத்தேன். மறுக்காமல் குடித்தார். ஒன்று மூன்று ரூபா. மொத்தம் இருபத்தேழு ரூபா.