அக்கா தலைவலி என்று சொன்ன ஞாயிறு

எங்கள் கம்பெனியில் பாக்கிங் லைனுக்குள் போகும்போது போனை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். திருவாண்டார்கோயில் பக்கம் இருக்கிற ஷாம்பு பாக்கெட் கம்பெனி அது. காலை ஏழு மணிக்குப் பூட்டினால் பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு மணி அடிக்கும்போதுதான் திறப்போம். அந்த வியாழக்கிழமையும் அப்படித்தான் திறந்தேன். நிறைய மிஸ்டு கால். எல்லாம் எங்கள் கோயில் இளையோர் குழுவைச் சேர்ந்தவர்கள். வாட்ஸ்அப்பைத் திறந்தால் குழுவில் அக்காவின் படம் போட்டிருந்தது. பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் குழுவில் ஒருவர் படத்தைத் தனியாகப் போட்டால் அன்றைக்கு அவருக்குப் பிறந்த நாள் என்று அர்த்தம். ஐயோ, அக்காவின் பிறந்த நாளை மறந்துவிட்டேனே என்று பதறிப்போய் ஒரு கேக் படத்தையும் நான்கு பூக்களையும் அனுப்பினேன். அனுப்பிய பிறகுதான் படத்துக்குக் கீழே எழுதியிருந்ததைப் படித்தேன். கண்ணீர் அஞ்சலி. மாலை நான்கு மணிக்கு உடல் வீட்டுக்கு வரும்.

உடல் என்ற சொல்லைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அது யாரைச் சொல்கிறது என்று மண்டையில் ஏறவே இல்லை. கை மட்டும் என் கேக்கை அழித்தது. அதற்குள் எத்தனை பேர் பார்த்தார்களோ தெரியாது. யாரும் இன்றுவரை அதைப் பற்றி என்னிடம் பேசியதில்லை.

இன்னொன்றும் அப்போதுதான் கவனித்தேன். அந்தப் படம் நான் எடுத்தது. நான்கு நாளுக்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமை, பாகூர் ஏரிக்கரையில். பக்கத்தில் இருந்தவர்களை வெட்டிவிட்டு அக்காவை மட்டும் தனியாக எடுத்திருந்தார்கள். அவள் தோளில் ஒரு கை மட்டும் மிச்சம் இருந்தது.

பிறகு நான் செய்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு விளங்கவில்லை. உட்கார்ந்து சாப்பிட்டேன். தயிர்சாதம் முழுவதையும், ஊறுகாயோடு. டப்பாவைக் கழுவினேன். போனைப் பூட்டிவிட்டு லைனில் போய் உட்கார்ந்து பாக்கெட்டுகளை அட்டைப்பெட்டியில் அடுக்க ஆரம்பித்தேன். அரை மணி நேரம் இருக்கும். சூப்பர்வைசர் மேடம் வந்து என் தோளைத் தொட்டார்.

“இன்னாம்மா, எல்லாப் பெட்டியும் தலகீழா அடுக்கி வச்சிருக்க?”

“எங்க அக்கா செத்துட்டாங்க மேடம்” என்றேன். அதை என் வாயால் சொன்னபோதுதான் எனக்கே அது செய்தியாக வந்து சேர்ந்தது.

கூடப் பிறந்த அக்கா இல்லை. வில்லியனூரில் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் மனு டைப் அடிக்கிற வேலை அவளுக்கு. முப்பத்தாறு வயது. எங்கள் ஊர் மாதா கோயில் இளையோர் குழுவுக்கு எட்டு வருடமாகத் தலைவி. அதற்குள் மூன்று பங்குச் சாமியார்கள் மாறிப் போனார்கள், அவள் மாறவில்லை. கிறிஸ்துமஸ் குடில் கட்டுவது, திருவிழாவுக்குத் தேர் ஜோடிப்பது, பூசையில் பாட்டுப் பாடுவது என்று எல்லா ஊர்க் குழுவும் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம். அக்கா சேர்த்தது ஒன்றே ஒன்று. மாதத்தில் இரண்டாவது ஞாயிறு மதியம் எங்கேயாவது போவது. வேளாங்கண்ணி, ஊட்டி என்றெல்லாம் கிடையாது. ஒரே பஸ்ஸில் போய்ச் சேரக்கூடிய இடமாக இருக்க வேண்டும், ஆறு மணிக்குள் வீட்டில் இருக்க வேண்டும். இரண்டே சட்டம்.

இதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். எனக்குப் பதினேழு வயது ஆகும்வரை நான் பாகூரைப் பார்த்ததில்லை. பள்ளிக்கூடம், கோயில், வீடு. எங்கள் தெருப் பெண்கள் எல்லாருக்கும் அவ்வளவுதான். அக்கா முதல் தடவை எங்கள் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கேட்டது நினைவிருக்கிறது.

“எங்கம்மா கூட்டிட்டுப் போற?”

“பாகூர் ஏரிக்கு, சித்தப்பா.”

“ஏரில இன்னா இருக்கு?”

“தண்ணி இருக்கு, சித்தப்பா.”

அப்பா சிரித்துவிட்டார். சிரித்த பிறகு முடியாது என்று சொல்ல அவருக்கு வரவில்லை.

அப்படி ஊசுட்டேரிக் கரையில் நடந்தோம். நெட்டப்பாக்கம் பக்கம் ஒருத்தியின் மாமா வீட்டுக் கரும்புத் தோட்டத்துக்குப் போய், வாய் எரிகிறவரை கடித்தோம். திருவாண்டார்கோயில் பழைய சிவன் கோயிலுக்கும் ஒருமுறை கூட்டிப் போனாள். தினமும் அந்த ஊருக்குத்தான் வேலைக்குப் போகிறேன், கம்பெனி கேட்டைத் தவிர வேறு எதையும் பார்த்ததில்லை. சுவரில் இருந்த எழுத்துகளை அக்கா விரலால் தடவித் தடவிப் படிக்கப் பார்த்தாள், ஓர் எழுத்தும் பிடிபடவில்லை. குருக்கள் வந்து திருநீறு கொடுத்தார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அக்கா இரண்டு கையையும் நீட்டி வாங்கி, பஸ் டிக்கெட்டில் மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். “பெரியவரு குடுத்தா வாங்கணும், அவ்ளோதான்” என்றாள் வெளியே வந்து.

பாகூர்க் கொம்யூனில் கடலோரமாக இருக்கிற மீனவர் ஊர் ஒன்றுக்கும் போனோம். வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவோடு அக்கா ஒரு மணி நேரம் பேசிவிட்டு, பெரிய பையில் சங்கரா மீனோடு வந்தாள். பஸ்ஸில் அந்தப் பை ஒழுக ஆரம்பித்தது. பக்கத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து முன்னால் போய்விட்டார்கள். கடைசியில் எங்கள் ஒன்பது பேருக்கும் உட்கார இடம் கிடைத்தது. “பாத்தீங்களா, மீனு வாங்குனா சீட்டு ஃப்ரீ” என்று அவள் சொன்னதற்குக் கண்டக்டரே சிரித்தார்.

இனி அந்த ஞாயிறு. பொங்கல் முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. ஏரி கரை தொட்டு நின்றது. நீர்க்காகங்கள் கருவேல மரங்களில் இறக்கையை விரித்துக் காய்ந்துகொண்டிருந்தன. மற்றவர்கள் மதகுப் பக்கம் போய்விட்டார்கள். அக்கா ஒரு பனைமரத்தடியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

“இன்னாக்கா, தூக்கமா?”

“தல வலிக்குதுடி. இங்க, பின்னால. யாரோ கட்டையால போட்ட மாதிரி சடார்னு வந்துச்சு.”

என் பையில் எப்போதும் தலைவலி மாத்திரை இருக்கும். கம்பெனியில் ஷாம்பு வாசனை எனக்கு ஒத்துக்கொள்ளாது. ஒன்றைப் பிய்த்துக் கொடுத்தேன். தண்ணீர் பாட்டிலையும் கொடுத்தேன். விழுங்கினாள். பத்து நிமிடம் கழித்து, “இப்ப பரவால்ல. டாக்டரம்மா கை ராசி” என்று என் கன்னத்தைத் தட்டினாள். பிறகுதான், மற்றவர்கள் திரும்பி வந்ததும், அந்த மரத்தடியிலேயே படம் எடுத்தோம். அந்தச் சிரிப்பு தலைவலியோடு சிரித்தது.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, ஜெராக்ஸ் கடையில், யாருக்கோ விதவை உதவித்தொகை மனு அடித்துக்கொண்டிருந்தபோது கீபோர்டு மேலேயே சாய்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதற்குள் முடிந்துவிட்டது. தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டதாம்.

நான் பஸ் பிடித்துப் போனபோது தெருவில் பந்தல் போட்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். நான்கு மணிக்கு அக்கா வந்தாள், கண்ணாடிப் பெட்டிக்குள். நெற்றியில் கீபோர்டு பட்ட சின்னக் கன்றல். தலைமாட்டில் மாமா நின்றார். அக்காவின் புருஷன். இங்கே பக்கத்தில் இருக்கிற மேட்டுப்பாளையத்தில் லாரிப் பட்டறையில் லேத் வேலை. நாங்கள் அவரை மாமா என்று கூப்பிடுவோமே தவிர, அதிகம் பேசியதில்லை. ஞாயிற்றுக்கிழமையானால் தூங்குகிற மனிதர் என்பது மட்டும் தெரியும். பிள்ளைகள் இல்லை. அவர் யாரையும் பார்க்காமல் பெட்டியின் கண்ணாடியில் படிந்த பனியைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்ததும் மறுபடி படியும். மறுபடி துடைப்பார்.

பெண்கள் பக்கம் உட்கார்ந்தேன். அக்காவின் பெரியம்மா ஒருவர் அழுகைக்கு நடுவில் கேட்டார்: “நாலு நாளா தல வலிச்சிருக்கும்னு டாக்டர் சொன்னாராமே. இந்தப் பொண்ணு ஒருத்தர் கிட்டயும் ஒரு வார்த்த சொல்லலியா?”

நான் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் அடக்கப் பூசையில் பாட்டுக் குழுவில் நின்று, வரிசையாக எல்லாப் பாட்டும் பாடினேன். கல்லறையில் மண் போட்டேன். மாத்திரை அட்டை பையில்தான் இருந்தது, ஒன்று பிய்த்த இடம் வெறுமையாக. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நான் சொல்லியிருந்தால்? பாகூரிலேயே ஆஸ்பத்திரி இருக்கிறது. நான் வலியை அமுக்கிவிட்டேன், வலி இல்லாததால் அவள் போகவில்லை. தினமும் லைனில் உட்கார்ந்து இதையே நினைத்தேன். பெட்டியை மட்டும் சரியாக அடுக்கப் பழகிவிட்டேன்.

நான்கு மாதம் நாங்கள் எங்கும் போகவில்லை. புதிதாக ஒரு தலைவரைத் தேர்ந்தெடுங்கள் என்று சாமியார் சொன்னபோது எல்லாரும் தரையைப் பார்த்தோம். வைகாசியில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வெளியே வந்தால் கோயில் கேட்டில் மாமா நின்றுகொண்டிருந்தார். ஷேவ் செய்து, இஸ்திரி போட்ட சட்டை.

“இன்னைக்கு ரெண்டாவது ஞாயிறு தானே” என்றார். “போவலியா?”

அவரே மேலே பேசினார்.

“அவ போனா ஆறு மணிக்கு வந்துடுவா. நான் தூங்கி எழுந்து டீ போட்டு வைப்பேன். இப்பவும் ரெண்டாவது ஞாயிறு ஆனா ஆறு மணிக்கு வாசல்ல போய் நிக்கிறேன்பா. பைத்தியம் மாதிரி இருக்கு. எங்கனா போங்க, நானும் வரேன்.”

அப்படித்தான் அன்றைக்கு மதியம் கரிக்கலாம்பாக்கம் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினோம். ஏழு பேரும் மாமாவும். எங்கே என்று யாரும் பேசி முடிவு செய்யவில்லை, பாகூருக்கு டிக்கெட் வாங்கிவிட்டார்கள்.

ஏரி வற்றிப்போயிருந்தது. நடுவில் கொஞ்சம் தண்ணீர், மற்ற இடமெல்லாம் மாடுகள் மேய்ந்தன. மாமா கரைமேல் நின்று வெகுநேரம் பார்த்தார். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தார். எந்தப் பக்கம் நடப்பா? என்ன பேசுவா? பிள்ளைகள் சொல்லச் சொல்ல வாயைத் திறந்தபடி கேட்டார். பஸ்ஸில் மீன் பை ஒழுகிய கதையைச் சொன்னபோது சத்தம் போட்டுச் சிரித்தார். “அந்த மீன நான் தின்னேன்பா. மார்க்கெட்ல வாங்கினேன்னு சொன்னா” என்றார். சிரிப்பு நின்றதும், “வூட்ல அவ இம்மாம் பேச மாட்டா. நான் தூங்கிட்டிருப்பேன் இல்ல” என்றார்.

பிறகு என் பக்கம் திரும்பினார். “அந்த போட்டோ நீதானே எடுத்தது? எங்க ஒக்காந்திருந்தா?”

பனைமரத்தைக் காட்டினேன். அவர் அங்கே போய் உட்கார்ந்தார். நானும் போனேன். இதற்கு மேல் என்னால் வைத்திருக்க முடியவில்லை.

“மாமா, அன்னைக்கு அக்கா தல வலிக்குதுன்னு சொன்னாங்க. நான் மாத்திர குடுத்தேன். ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு சொல்லல. யாரு கிட்டயும் சொல்லல மாமா.”

அவர் என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அடித்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன்.

“எங்கிட்டயும் சொன்னா” என்றார். “திங்கக்கெழம ராத்திரி சொன்னா. தைலம் தேச்சி வுட்டேன். சும்மா கம்ப்யூட்டரையே பாத்துக்கினு இருந்தா வலிக்காம இன்னா பண்ணும், தூங்குன்னு சொன்னேன். புதன்கெழம மறுபடி சொன்னா. அப்ப நான் எழுந்திரிக்கக்கூட இல்ல. தைலம் அலமாரில இருக்கு பாருன்னேன்.”

அவர் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். லேத் எண்ணெய் ஊறிக் கறுத்த கைகள்.

“பெரியம்மா கேட்டாங்களே அன்னிக்கி. எனக்கும் காதுல வுழுந்துச்சு. நானும் வாய தொறக்கல.”

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்த அந்த மனிதரும் என்னைப் போலவே இதை வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார். அவரை மன்னித்துவிடவோ அவர் என்னை மன்னித்துவிடவோ எங்களுக்குத் தெரியவில்லை. அப்படி ஒரு பேச்சும் எழவில்லை. மாடு மேய்ப்பவர் ஒருவர் கீழே ஹேய் ஹேய் என்று கத்திக்கொண்டு போனார். இரண்டு பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

திரும்பும்போது பாகூர் பஸ் நிறுத்தத்தில் எனக்கு அழுகை வந்தது. மெதுவாக இல்லை, வாய்விட்டு. நடுத்தெருவில், அத்தனை பேர் பார்க்க. பூக்கட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மா நாரைப் போட்டுவிட்டு எழுந்து வந்து என் கையைப் பிடித்தார். “இன்னா கண்ணு, இன்னா ஆச்சு? யாருக்கு இன்னா?”

மாமாதான் சொன்னார்.

“என் பொண்டாட்டிம்மா. செத்துட்டா.”

“ஐயோ சாமி. எப்ப?”

“நாலு மாசம் ஆச்சு” என்றார்.

அந்த அம்மா என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தன் ஸ்டூலைத் தூக்கி வந்து அவருக்குப் போட்டார். பஸ் வரும்வரை மாமா அதில் உட்கார்ந்திருந்தார். பஸ் கூட்டமாக வந்தது. மீன் பை இல்லை, எல்லாரும் நின்றுகொண்டே வந்தோம்.