அஞ்சலைக்கு விழுந்த மனை

ஊர் மக்களுக்குப் புது ஊர் அமைத்துக் கொடுக்கும் ஆபீசில் வேலை பார்த்தால், தெரிந்த விஷயங்கள்கூடத் தெரியாமல் போய்விடும்.

கைக்குழந்தையைப் பக்கத்து குவார்ட்டர்ஸில் விட்டுவிட்டு வேலைக்கு ஓடுகிற சகோதரிகளே, உங்களுக்குத்தான் என் பாடு புரியும். நிலக்கரிச் சுரங்கம் விரியும் வழியில் உள்ள கிராமத்துக்காரர்களுக்கு வேறு இடத்தில் மனை கொடுக்கும் பிரிவில் நான் தற்காலிக கிளார்க். கான்வென்ட்டில் படித்தவள் என்பதால் மேப்பை விளக்கும் வேலை என் தலையில் விழுந்தது. எனக்கோ பயந்த சுபாவம். குழந்தை தூங்கின நேரத்தில் எழுதுகிறேன். முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வடக்கு எங்கே?

புது ஊரின் மேப்பைப் பள்ளிக்கூடச் சுவரில் மாட்டி, "மேல் பக்கம் வடக்கு" என்று ஆரம்பித்தேன். நாங்கள் குடியிருக்கும் டவுன்ஷிப் பிளாக் மாதிரியே நேர்நேரான தெருக்கள். கூட்டம் சுவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தது. இடுப்பில் குழந்தையோடு நின்ற அஞ்சலை என்ற பெண் காடாம்புலியூர் பக்கம் கையை நீட்டினாள்.

"வடக்கு அங்க இருக்குதும்மா. நீங்க காட்டுற வடக்குக்குப் போவணும்னா செவுரு ஏறியா போவணும்?"

சீட்டில் விழுந்தது

மேப்பைத் தரையில் விரித்ததும் அவர்களுக்குப் புரிந்துவிட்டது. அதன் பிறகு எனக்குத்தான் ஒன்றும் புரியவில்லை. சீட்டுக் குலுக்கியதில், ஒரு தெரு வந்து முடிகிற இடத்தில், அந்தத் தெருவைப் பார்த்தபடி அஞ்சலைக்கு மனை விழுந்தது. "நல்லா காத்து வரும்" என்று வாழ்த்தினேன். கூட்டம் 'ச்சு' கொட்டியது. தெரு நேராக வந்து வாசலில் குத்தினால் வீட்டுப் பிள்ளைக்கு ஆகாதாம். அதற்குத் தெருக்குத்து என்று பெயராம். கான்வென்ட் சிஸ்டர்கள் இதையெல்லாம் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. மனையை மாற்ற முடியுமா என்று ஆபீசரிடம் கேட்டேன்.

"ஏம்மா, ராக்கெட் விடற காலத்துல அவங்கதான் தெரு குத்துதுங்கறாங்கன்னா, நீயும் அதைத் தூக்கிட்டு வர்றியே!"

விரிசல்

சுரங்கத்துக்கு மிக அருகில் இருந்தது அஞ்சலையின் வீடுதான். முதலில் காலி செய்ய வேண்டியவளும் அவள்தான். ஆனால் அந்த மனைக்குப் போகமாட்டேன் என்று அங்கேயே இருந்தாள். பேசிப் பார்க்கலாம் என்று போனேன். மண்சுவரில் போன மழைக்கு விட்ட விரிசல், விரல் நுழையும் அளவுக்கு. காலி செய்யப் போகிற வீடுதானே என்று யாரும் பூசவில்லை. அதற்குக் கீழேயே தூளியில் குழந்தை. என் மகன் வயசுதான். சுவர் விழுந்தால் என்ன செய்வாய் என்று அவள் கையைப் பிடித்துக் கெஞ்சினேன்.

"செவுரு வுழுந்தா சத்தம் கேக்கும், புள்ளையத் தூக்கிகினு ஓடிடுவேன். தெருக்குத்து சத்தம் போட்டுகினாம்மா வரும்?"

ஆபீசர் வீட்டுக் காம்பவுண்ட்

எதற்குப் பயப்படுவது என்றே எனக்குக் குழம்பிப்போன சமயத்தில், ஒரு கையெழுத்துக்காக ஆபீசரின் குவார்ட்டர்ஸுக்குப் போனேன். அவர் வீடும் ஒரு தெரு நேராக வந்து முடிகிற முனையில்தான். காம்பவுண்ட் சுவரில் தெருவைப் பார்த்தபடி ஒரு மாடம். உள்ளே குட்டிப் பிள்ளையார், வாடாத அருகம்புல்லோடு. நான் பிள்ளையாரைப் பார்த்தேன். நான் பார்ப்பதை ஆபீசர் பார்த்தார். மளமளவென்று கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தார்.

மறுநாள் மேப் வரையும் டிராஃப்ட்ஸ்மேனைக் கூப்பிட்டு, அஞ்சலையின் மனையைப் பக்கவாட்டில் தள்ளிவிட்டு, தெருமுனையில் பொது இடம் விடச் சொன்னார். ஃபைலில் என்ன காரணம் போடுவது என்று கேட்டேன். மாட்டுவண்டியே எப்போதாவதுதான் வரப்போகும் தெரு அது.

"டிராஃபிக் ஜாஸ்தியாகும்னு போடும்மா."

பலாப்பழம்

அஞ்சலை புது வீட்டில் பால் காய்ச்சினாள். அவளுக்கு முன்பே அந்தப் பொது இடத்தில் ஒரு பிள்ளையார் குடிவந்திருந்தார். விரிசல் விட்ட அந்தச் சுவர் அடுத்த மழையில் விழுந்துவிட்டதாம். அப்போது உள்ளே யாரும் இல்லை.

வடலூருக்குப் போகிற வழியில் ஒரு பலாப்பழத்தோடு என் குவார்ட்டர்ஸுக்கு வந்தாள். "உள்ளே வா" என்று கூப்பிட்டேன். வரவில்லை. வாசலில் நின்றபடி தெருவைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், மறுபடியும் தெருவைப் பார்த்தாள்.

"ஏம்மா, எனக்காக அம்மாம் அலைஞ்சி மாத்திக் குடுத்தீங்க. உங்க வூட்டுக்கு நேரா இவ்ளோ நீளத் தெரு வருதே, இத நீங்க பாக்கவே இல்லியா?"

அன்றிலிருந்து என் மகனின் தொட்டில் உள் அறையில்தான் இருக்கிறது. ஏன் மாற்றினாய் என்று கேட்ட கணவரிடம், வாசல் பக்கம் டிராஃபிக் ஜாஸ்தி என்று சொல்லி வைத்திருக்கிறேன்.