முனியப்பனுக்குக் கண் எழுதிய பிரஷ்

புதுச்சத்திரத்துச் சென்னியப்பன், கோயில் சிலைகளுக்கு வர்ணம் பூசுகிறவர். சேலம் கடைவீதியில் நிஜாமுதீன் பாய் கடைக்குப் பிரஷ் வாங்க அவர் போனாரென்றால் பாய்க்கு அன்றைக்குத் தலைவலிதான். இருக்கிறதையெல்லாம் கொட்டச் சொல்வார். ஒவ்வொன்றாகத் தண்ணீரில் நனைத்து ஓர் உதறு உதறுவார். முடியெல்லாம் தானாகக் கூடி ஊசி முனையாக நிற்க வேண்டும். ஒரே ஒரு முடி விலகி நின்றாலும் தள்ளிவிடுவார்.

"பொண்ணு பாக்கறவன்கூட இத்தனை நோட்டம் பாக்க மாட்டான், சென்னியப்பா" என்று பாய் சலித்துக்கொள்வார்.

"பொண்ணு மூக்கு கொஞ்சம் கோணலா இருந்தாலும் குடும்பம் ஓடுமுங்க பாய். சாமி கண்ணு கோணுனா என்ற பொழப்பு ஓடுமுங்களா?"

அப்படிப் பொறுக்கி எடுத்த அணில் முடிப் பிரஷ் ஒன்று அவரிடம் இருந்தது. கண்ணும் புருவமும் எழுத மட்டுமே அதைத் தொடுவார். வேலை முடிந்ததும் சீமெண்ணெயில் அலசுவார், சவுக்காரம் போட்டுக் கழுவுவார், வேட்டித் துணியில் ஒற்றி எடுத்து உதட்டில் வைத்து நுனியைக் கூராக்குவார். பிறகு படுக்கப் போட்டுத்தான் காயவிடுவார். பெற்ற பிள்ளையை அப்படிப் பார்த்திருப்பாரா என்பது சந்தேகம். பணியாரக் குழிக்கு எண்ணெய் தடவ அது தோதாக இருக்குமே என்று அவர் மனைவி சாலம்மாள் ஒருநாள் வாய் தவறிச் சொல்லிவிட்டாள். அன்று முழுக்க வீட்டுக்காரர் அவளிடம் பேசவில்லை.

யுத்தம் தொடங்குவதற்கு முந்தின வருஷம் ரோட்டோரத்து முனியப்பனுக்குப் சுண்ணாம்புச் சுதையில் பெரிய சிலை எழுப்பினார்கள். வர்ணம் சென்னியப்பன். சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் போகிற பஸ்ஸெல்லாம் அந்தச் சிலையைத் தாண்டித்தான் போக வேண்டும். இந்தக் கண் ஒன்று சரியாக அமைந்துவிட்டால் போதும், காலத்துக்கும் தன் பேர் சொல்லும் என்று அவருக்கு ஆசை. மீசை, கிரீடம், அரிவாள் எல்லாம் முடித்து, கண்ணை மட்டும் மறுநாள் காலை நல்ல நேரத்துக்கு விட்டுவைத்தார். புருவத்துக்கு ஒரு கோடு இழுத்துவிட்டு அந்த அணில் முடிப் பிரஷ்ஷைக் கழுவி, வழக்கம்போல உதட்டில் வைத்தார்.

அதைப் பூசாரி செங்கோடன் பார்த்துத் தொலைத்தார்.

"அடப்பாவி! எச்சப் பண்ணிப் போட்டியே! இதுலயா சாமிக்குக் கண்ணத் தொறப்பே?"

"இல்லீங்க பூசாரிண்ணா, நுனி கூடறதுக்குங்க..."

"பேசாதே. இங்க குடு. நான் சுத்தம் பண்ணிக் காத்தால தாரேன்."

பூசாரியிடம் மல்லுக்கு நின்றால் ஊரே திரண்டு வந்துவிடும். "படுக்கப் போட்டு வைங்க, தண்ணியில மட்டும் நிக்க வெச்சுப்போடாதீங்க" என்று கெஞ்சிவிட்டு வந்தார். அட, அதெல்லாம் பூசாரி காதில் ஏறுமா?

காலையில் போனால், மஞ்சள் தண்ணீர்க் கலசத்துக்குள் பிரஷ் தலைகீழாக நிற்கிறது. காம்புக்குப் பூ சுற்றி, குங்குமம் வைத்திருந்தது.

"கோமியத்துல கழுவி, கொதிக்கிற மஞ்சத் தண்ணியில முக்கி எடுத்தேன். சாமி சாமானத் தரையில கெடத்தலாமா? அதான் கலசத்துல வெச்சேன்" என்றார் செங்கோடன், பெருமையாக.

எடுத்துப் பார்த்தார் சென்னியப்பன். பசை விட்டுப் பாதி முடி கலசத்தோடு போயிருந்தது. மிச்சம் தேய்ந்த விளக்குமாறாகச் சிலுப்பிக்கொண்டு நின்றது. குங்குமம் வைத்த பொருளைக் கையில் வைத்துக்கொண்டு பூசாரியை எப்படித் திட்டுவது?

சேலத்துக்கு ஓடி இன்னொன்று வாங்க நேரமில்லை. மற்ற பிரஷ்களெல்லாம் சிலையின் வேட்டிக்குக் கரை போடுகிற பட்டைப் பிரஷ்கள். கெட்டுப்போன பிரஷ்ஷையே நூலால் இறுக்கிக் கட்டிப் பார்த்தார், நுனி கூடவில்லை. மறைப்புத் துணிக்கு வெளியே மேளம் முழங்கியது. "நேரம் போகுது, ஆகட்டும்!" என்று தர்மகர்த்தா குமாரசாமிக் கவுண்டர் அதட்டினார். சென்னியப்பன் சாரத்தில் ஏறினார். இமைக்கு ஒரு கோடு இழுத்தால் மூன்றாகப் பிரிந்தது. விழியைச் சுற்றினால் ஓரமெல்லாம் முள் முளைத்தது. சிவப்பு தீற்றல் தீற்றலாக வெள்ளைக்குள் ஓடிவிட்டது. துடைக்கத் துடைக்க இன்னும் கெட்டது. போதாக்குறைக்கு இடது விழி ஒரு பக்கமாக ஒதுங்கிக்கொண்டது.

துணியை இழுத்துவிட்டார்கள். செத்தோம் என்று கண்ணை மூடிக்கொண்டார்.

கூட்டத்திலிருந்து "முனியப்பா!" என்று ஒரு கூச்சல். முன்வரிசையிலிருந்த அங்காளம்மாள் என்ற பெண் அருள் வந்து தலைவிரித்து ஆடினாள். "கண்ணுல நெருப்புப் பறக்குதுடா சாமி!" என்று கவுண்டரே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். சென்னியப்பனுக்கு மாலை விழுந்தது. பூசாரிக்கும் விழுந்தது, அதுதான் கொடுமை.

மறுநாள் சென்னியப்பன் கவுண்டரிடம் போய் நின்றார். "அது தப்பா உழுந்துபோச்சுங்க. புதுப் பிரஷ் வாங்கியாந்து சரியா எழுதித் தாரேனுங்க."

"தொறந்த கண்ண மூடச் சொல்றியா? ஊரு தாங்குமாப்பா? போ, போயி வேலையப் பாரு."

அப்புறம் என்ன, ரோட்டில் நடக்கும்போதெல்லாம் அந்தக் கண் அவரை முறைத்தது. சுற்றுப்பட்டில் கேட்டு வருகிறவர்களெல்லாம் அதே கண்ணைத்தான் கேட்டார்கள். கூர்க்கோட்டில் எழுதிய பழைய கண்களைக் காட்டினால், "இது சாந்தமா இருக்குதுங்க, வேண்டாமுங்க" என்று கிளம்பிவிடுவார்கள். சரிதான் போங்கடா என்று அவரும் வீம்பாக இருந்து பார்த்தார். எடப்பாடியிலிருந்து அதே கண் கேட்டு வந்த ஆட்களுக்கு முகம் கொடுக்காமல் அவர் உட்கார்ந்திருந்தபோது, சாலம்மாள் அரிசிப் பானையைத் தூக்கிவந்து அவர் முன்னால் கவிழ்த்துக் காட்டினாள். உள்ளே ஒன்றுமில்லை. சரியென்று சொல்லி அனுப்பினார்.

அந்த வேலைக்காகப் பாய் கடைக்குப் போனபோது ஒரே ஒரு பிரஷ்தான் தேறியது. உதறினதும் ஊசியாகக் கூடியது. அப்படியொரு முடி அவர் கைக்கு வந்து வெகு காலம் ஆகியிருந்தது. அதை வீட்டுக்குக் கொண்டுவந்து கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். பிறகு அம்மிமேல் வைத்துக் குழவியை எடுத்தார்.

"ஏனுங்க, புதுசுங்களே!" என்று சாலம்மாள் ஓடிவந்தாள்.

"அவங்க கேக்கற கண்ணு இப்பிடிப் பண்ணுனாத்தான் வரும் புள்ள" என்று சொல்லிவிட்டு, அவர் நுனியை நசுக்க ஆரம்பித்தார்.